மகிழுந்தும் மக்கள் பணமும்

நுழையும்முன்

ஒரு பெருநிறுவனம் தன் தவறான முடிவுகளால் நலிவடைகிறது. அதன் கதவுகள் மூடப்பட்டால், அத்தவற்றில் எவ்விதப் பங்கும் இல்லாத பல்லாயிரம் தொழிலாளர்கள் வாழ்விழப்பர். அந்நிலையில் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு அந்நிறுவனத்தைக் காப்பது முறையா? காப்பதாயின், பழைய தொழில்நுட்பத்தைக் கைவிட்டு மின்மகிழுந்துக்கு மாறவேண்டும் என்று அரசு வலியுறுத்தலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2008ஆம் ஆண்டில் எழுந்த இவ்வினாக்களை அந்நாட்டின் பட்டறிவைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

உதவி நாடிய மூவர்

2008 நவம்பர் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்கள் வாஷிங்டன் நகருக்குச் சென்றனர். நாடாளுமன்றக் குழுவின்முன் அமர்ந்து, தங்கள் தொழிலைக் காக்க 2,500 கோடி டாலர் கடனுதவி வேண்டினர். உதவி கேட்டுச் சென்ற அம்மூவரும் தத்தம் நிறுவனத்தின் தனி வானூர்திகளில் சென்றிருந்தனர் என்ற செய்தி பரவியபோது மக்கள் சினம் கொண்டனர். வெறுங்கையுடன் திரும்பிய தலைவர்கள், அடுத்த மாதம் டெட்ராய்ட் பகுதியிலிருந்து மகிழுந்திலேயே பயணம் செய்து மீண்டும் நாடாளுமன்றத்தின்முன் நின்றனர்.

வானூர்தியிலிருந்து மகிழுந்துக்கு மாறுவது எளிது. தொழிலின் போக்கையே மாற்றுவது அத்துணை எளிதன்று. அதற்கு, அந்நலிவு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நலிவின் வேர்கள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனையான மகிழுந்துகளில் ஏறத்தாழப் பாதி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடையவை. 1970களில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது, குறைந்த எரிபொருளில் ஓடும் ஜப்பானியச் சிறு மகிழுந்துகளை மக்கள் விரும்பத் தொடங்கினர். எண்ணெய் விலை பின்னர்க் குறைந்ததும் டெட்ராய்ட் நிறுவனங்கள் அப்பாடத்தை மறந்தன. மிகுந்த இலாபம் தந்த பெரிய ஊர்திகளையும் சிறு சரக்குந்துகளையுமே அவை பெரிதும் நம்பின. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவும் அவற்றுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

2008ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் ஒரு காலன் பெட்ரோலின் விலை 4 டாலரைக் கடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நிதிச் சந்தை சரிந்தது. வங்கிகள் கடன் தர மறுத்தன. பெரும்பாலும் கடன் பெற்றே மகிழுந்து வாங்கப்படும் நாட்டில், கடன் நின்றதும் விற்பனையும் வீழ்ந்தது. 2007ஆம் ஆண்டில் 1.6 கோடியாக இருந்த ஊர்தி விற்பனை, 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.04 கோடியாகக் குறைந்தது.

கையிலிருந்த மாற்றுவழியையும் அத்தொழில் கைவிட்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996ஆம் ஆண்டிலேயே ‘இவி1’ என்னும் மின்மகிழுந்தை வெளியிட்டது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான அவ்வூர்திகள் விற்கப்படவில்லை; குத்தகைக்கே விடப்பட்டன. செலவு மிகுதி, தேவை குறைவு எனக் காரணம் கூறி, அந்நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தது. அத்திட்டத்தைக் கைவிட்டது தவறான முடிவு என அந்நிறுவனத்தின் தலைவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

[தெரிந்து தெளிவோம்]
மின்மகிழுந்து அண்மைக்காலக் கண்டுபிடிப்பன்று. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய தானுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்னாற்றலால் இயங்கியவை. பெட்ரோல் மகிழுந்து புகழின் உச்சியை எட்டக் காரணமான ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவும் மின்மகிழுந்தையே பயன்படுத்தினார். 1912ஆம் ஆண்டில் கைச்சுழற்றி இல்லாமல் பெட்ரோல் பொறியை இயக்கும் மின் தொடக்கி அறிமுகமானது. அதன்பின் பெட்ரோல் மகிழுந்தின் செல்வாக்குப் பெருகியது.

இருதரப்பு வாதங்கள்

உதவி கூடாது என்றோரின் வாதம் வலுவானது. தவறு செய்தவரைக் காப்பாற்றினால் மற்றவர்க்கும் கவனமின்மையே பாடமாகும். இலாபம் வந்தபோது பங்குதாரர்களுக்கு, இழப்பு வந்தபோது மக்களுக்கு என்பது நீதியாகாது. கென்டக்கி, ஒகையோ போன்ற மாநிலங்களில் ஜப்பானிய நிறுவனங்களும் ஆலை நடத்தி அமெரிக்கர்க்கு வேலை தருகின்றன. திறமையாக இயங்குவோரை விடுத்துத் திறமையற்றோர்க்கு ஏன் பணம் தரவேண்டும் என்றும் அவர்கள் வினவினர்.

உதவி வேண்டும் என்றோர் தொழிலின் அமைப்பைச் சுட்டினர். ஒரு மகிழுந்து ஒரே ஆலையில் உருவாவதன்று. இருக்கை, கண்ணாடி, வட்டகை, மின்கம்பி எனப் பலவற்றை நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் செய்தளிக்கின்றன. பெருநிறுவனம் ஒன்று திடீரென நின்றால் அச்சிறு நிறுவனங்களும் வீழும். அவை வீழ்ந்தால் அவற்றையே நம்பியிருக்கும் மற்ற நிறுவனங்களின் ஆலைகளும் நிற்கும். ஃபோர்டின் நிலைப்பாடே இதற்குச் சான்று. 2006ஆம் ஆண்டிலேயே தன் ஆலைகளையும் நீலநிற வணிகச் சின்னத்தையும் அடகு வைத்துப் பெருங்கடன் திரட்டியிருந்த அந்நிறுவனம், மற்ற இரண்டும் பெற்ற மீட்பு நிதியைப் பெறவில்லை. ஆயினும், தன் போட்டியாளர்களைக் காக்க வேண்டும் என்று அது வாதிட்டது.

முன்னிகழ்வு ஒன்றும் அவர்களுக்குத் துணைநின்றது. 1979ஆம் ஆண்டின் இறுதியில் கிரைஸ்லர் பெறும் 150 கோடி டாலர் கடனுக்கு அரசு பொறுப்பேற்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உரிய காலத்துக்கு ஏழாண்டுகள் முன்னதாகவே, 1983ஆம் ஆண்டில், அக்கடன் அடைக்கப்பட்டது. ஆனால், அதே கிரைஸ்லர் கால் நூற்றாண்டுக்குப்பின் மீண்டும் கையேந்தி நின்றது. உதவி உயிரைக் காக்கும். பழக்கத்தைத் தானாக மாற்றாது என்பதையும் அந்நிகழ்வு உணர்த்துகிறது.

நிபந்தனையுடன் ஓர் உதவி

2008 டிசம்பரில் உதவிச் சட்டம் செனட் அவையில் தடைப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், வங்கிகளுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து 1,740 கோடி டாலரை ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் வழங்கினார். அடுத்துப் பொறுப்பேற்ற பராக் ஒபாமா, அவை அளித்த சீரமைப்புத் திட்டங்கள் போதா என ஏற்க மறுத்தார். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2009 ஏப்ரல் 30இல் கிரைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸும் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தன. புதிதாக உருவான ஜெனரல் மோட்டார்ஸின் ஏறத்தாழ 61 விழுக்காட்டுப் பங்குகள் அரசின் உடைமையாயின.

நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. பழைய பங்குதாரர்கள் தம் முதலீட்டை இழந்தனர். பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் ஆகிய வணிகப் பெயர்கள் மறைந்தன. கிரைஸ்லரின் மேலாண்மையை ஏற்ற இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துக்கு, ஒரு காலனில் 40 மைல் ஓடும் மகிழுந்தை அமெரிக்காவிலேயே உருவாக்கினால் கூடுதலாக 5 விழுக்காட்டுப் பங்கு கிடைக்கும் என விதிக்கப்பட்டது. தொழிலாளர்களும் பெருவிலை கொடுத்தனர். ஆலைகள் பல மூடப்பட்டன. புதிதாகச் சேர்வோருக்கு மூத்த தொழிலாளர் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே வழங்கும் முறை நீடித்தது.

மகிழுந்துத் தொழிலுக்கென அரசு செலவிட்ட தொகை ஏறத்தாழ 8,000 கோடி டாலர். அதில் 930 கோடி அளவு மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு தொழிலின் முழுச் சரிவைத் தடுத்தமைக்கு நாடு கொடுத்த விலை அது.

மின்னாற்றலை நோக்கி

பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரங்களைச் சென்றடைகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. மின்மகிழுந்திலோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பயன்படுகிறது. புகைபோக்கி இல்லாமையால் தெருவின் காற்று மாசடைவதும் குறைகிறது. ஆயினும் நிலக்கரியால் ஆக்கப்படும் மின்சாரம், லித்தியம் முதலிய கனிமங்களைத் தோண்டுதல், மின்கலத்தின் விலை ஆகியனவும் கணக்கில் கொள்ளத்தக்கவை.

மாற்றத்தை விரைவுபடுத்த அமெரிக்க அரசு 2009ஆம் ஆண்டில் மின்கலன், மின்னூர்தித் தொழில்களுக்கு 240 கோடி டாலர் ஒதுக்கியது. மீட்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் 2010 டிசம்பரில் ‘வோல்ட்’ மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் சிறு நிறுவனமாக இருந்த டெஸ்லா 46.5 கோடி டாலர் அரசுக் கடன் பெற்று, 2013ஆம் ஆண்டிலேயே முழுமையாக அடைத்தது. அதே திட்டத்தில் கடன் பெற்ற ஃபிஸ்கர் நிறுவனம் அவ்வாண்டிலேயே திவாலானது. எந்த நிறுவனம் வெல்லும் என்பதை அரசால் முன்னறிய இயலாது. எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை மட்டுமே அதனால் காட்ட இயலும்.

ஓர் ஊரின் கதை

இம்மாற்றங்கள் அனைத்தையும் தன்னுள் கண்ட ஊர், ஒகையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன். 1966ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே ஆலை தொடங்கியது. மீட்புக்குப்பின் ‘குரூஸ்’ என்னும் சிறு மகிழுந்து அங்கு உருவானது. குறைந்த எரிபொருளில் ஓடும் ஊர்தியால் ஊர் பிழைத்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், பெட்ரோல் விலை குறைந்து பெரிய ஊர்திகளின் மீது மீண்டும் விருப்பம் பெருகவே, 2019 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் பலர் வேறு மாநில ஆலைகளுக்கு இடம்பெயர்ந்தனர், குடும்பங்கள் பிரிந்தன.

மூடிய ஆலையை வாங்கி மின்சரக்குந்து செய்ய முனைந்த புதிய நிறுவனம் 2023ஆம் ஆண்டில் திவாலானது. அதனருகே ஜெனரல் மோட்டார்ஸும் கொரியாவின் எல்ஜி நிறுவனமும் இணைந்து அமைத்த மின்கல ஆலை 2022ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அக்கூட்டு நிறுவனத்தின் மின்கல ஆலைகளுக்கு அரசு 250 கோடி டாலர் கடன் அளித்தது. வேலை திரும்பியது; ஆனால், தொடக்க ஊதியம் பழைய ஆலையின் மூத்த தொழிலாளர் பெற்றதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்து போராடிய பின்னரே ஊதியம் உயர்ந்தது.

லார்ட்ஸ்டவுனின் பட்டறிவு அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலையின் தொழிலாளர்களும் அதே கவலையை எதிர்கொண்டனர். இந்தியாவின் டெட்ராய்ட் எனப் புகழப்படும் சென்னையைச் சுற்றி, பெட்ரோல் பொறிக்கான உதிரிபாகங்களைச் செய்யும் சிறு பட்டறைகள் பல உள்ளன. மின்மகிழுந்துக்கு அப்பாகங்களுள் பல தேவைப்படா. அங்கே பணிபுரிவோருக்குப் புதிய தொழிலறிவை உரிய காலத்தில் அளித்தலும் மாற்றத்தின் ஒரு பகுதியே.

உதவியின் அளவுகோல்

நலிந்த நிறுவனம் உதவிக்குத் தகுதியுடையதா என்னும் வினாவுக்கு, நிறுவனத்தை மட்டும் நோக்கி விடை காண இயலாது. தவறிழைத்த நிருவாகத்துக்கு மக்கள் பணத்தின்மீது உரிமையில்லை. ஆனால், அந்நிறுவனத்தைச் சார்ந்து வாழும் மக்களைக் கைவிட அரசுக்கும் உரிமையில்லை. ஆதலின் அளிக்கும் உதவி கணக்குக் காட்டப்பட வேண்டும். இழப்பைப் பங்குதாரரும் ஏற்க வேண்டும். எதிர்காலத்துக்கு ஏற்ற தொழில்நுட்பத்துக்கு மாறும் கடமை அதனுடன் இணைக்கப்பட வேண்டும். அம்மாற்றத்தில் தொழிலாளரின் ஊதியமும் மாண்பும் காக்கப்பட வேண்டும். இந்நான்கில் முதல் மூன்றும் பெரிதும் நிறைவேறின. நான்காவதை லார்ட்ஸ்டவுன் தொழிலாளர்கள் தாமே போராடிப் பெற வேண்டியிருந்தது. அந்நான்காவதும் தொடக்கத்திலேயே எழுதப்படும் உதவியே முழுமையான உதவியாகும்.

கற்பவை கற்றபின்...

1. ‘நலிந்த தொழில்களுக்கு அரசு உதவுதல் முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதியில் உள்ள ஊர்தி பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, மின்னூர்திகளின் வரவால் அவர் தொழிலில் ஏற்பட்டுள்ள மாற்றங்களைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.
3. தொழிற்சாலை மூடப்படுவதால் ஓர் ஊரில் வணிகர், மாணவர், குடும்பத்தினர் ஆகியோர் அடையும் பாதிப்புகளைக் குழுவாகக் கலந்துரையாடித் தொகுக்க.