தேக்காவில் கேட்ட பதில் கிராமத்தின் கதையாகுமா?

கேள்வி: வெளிநாட்டு ஊழியர்களுக்கு வார இறுதியில் ஆங்கிலம் சொல்லித் தரும் தொண்டூழியர் நான். தொலைதூரக் கல்வியில் ஊரக வளர்ச்சி முதுகலை படித்தபோது, சிங்கப்பூரிலிருந்து போகும் பணம் புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர் கிராமங்களை எப்படி மாற்றுகிறது என்று ஆய்வேடு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நூறு ஊழியர்கள் வரை சந்தித்துப் பேசி எடுத்த தகவல் அது. தொண்ணூறு பக்கம் இருக்கிறது. இதை எப்படிச் சுருக்கி, எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது? பணம் கட்டினால் ஐந்தே நாளில் வெளியிடுவதாக ஓர் இதழிலிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, சிராங்கூன்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய ஒரு போலிக் கட்டுரையைச் சிறு மாற்றங்களோடு, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! கட்டணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளமாகாது; கட்டுரை தேறிய பிறகு கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. படிப்பதற்கு முன்பே வெளியீட்டுத் தேதி சொல்வதுதான் அடையாளம். ‘இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறோம்’ என்றாலும் மயங்க வேண்டாம். 2018இல் அந்தக் குழுவே 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து தூக்கியது.

இனி உங்கள் கட்டுரை. பக்க எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் அதன் தலைப்பில் இருக்கிறது. பணம் கிராமங்களை எப்படி மாற்றுகிறது என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் போனது கிராமத்துக்கல்ல, கிராமத்தை விட்டு வந்தவர்களிடம். அங்கே நிலத்தின் விலை ஏறியதா, நாற்று நடும் கூலி கூடியதா என்பதையெல்லாம் தேக்காவில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. ஓர் ஊழியர் மாதம் எத்தனை வெள்ளி அனுப்புகிறார், யார் பெயருக்கு அனுப்புகிறார், ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடைய எத்தனை மாதம் ஆனது, அது அடைந்த பிறகு முதலில் எதற்குச் செலவானது என்பதையெல்லாம் சொல்லலாம். ஒரு நல்ல கட்டுரைக்கு இது தாராளம். தலைப்பை இதற்கேற்பச் சுருக்கினால் பாதிப் பக்கங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

அடுத்து, யாரைக் கேட்டீர்கள் என்பது. ஞாயிறன்று தேக்காவுக்கு வருபவர்கள் எல்லா ஊழியர்களுக்கும் பிரதிநிதிகள் அல்லர். அன்றைக்கும் ஓவர்டைம் பார்ப்பவர், துவாஸ் பக்கத்து விடுதியிலிருந்து இவ்வளவு தூரம் வர யோசிப்பவர், விடுதிக்கு அருகிலுள்ள பொழுதுபோக்கு நிலையத்தோடு நின்றுவிடுபவர் எல்லாம் உங்கள் கணக்கில் இல்லை. கடன் அதிகம் உள்ளவரே வராமல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் உங்கள் சராசரிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்த ஆண்டில் கேட்டீர்கள் என்பதும் முக்கியம். 2022 ஜூனிலிருந்து, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியாவுக்கு வர விடுதிகளில் தங்கும் ஊழியர்கள் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்றானது. அதற்கு முன் தேக்காவில் நின்ற கூட்டமும் பின் நின்ற கூட்டமும் ஒன்றல்ல. ஆய்வேட்டில் இரண்டு வரியில் கடந்துபோன ஆய்வுமுறைப் பகுதியைக் கட்டுரையில் இரண்டு பக்கமாக விரியுங்கள்.

விரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தகவல் திரட்டச் சொன்னார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, நெல்லைப் பக்கத்துக் கங்கைகொண்டான் போன்றவை அவற்றில் சில. அவர்கள் திரட்டியது 1918இல் நூலாக வந்தது. மாணவர்கள் செய்த எளிய கணக்கெடுப்புதான். ஆனால் யாரை, எதை, எப்படிக் கேட்டார்கள் என்பது தெளிவாக இருந்ததால், 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். உங்கள் கேள்வித்தாளையும் பின்னிணைப்பாகச் சேருங்கள். பத்தாண்டு கழித்து யாராவது அதே கேள்விகளோடு தேக்காவுக்கு வரக்கூடும்.

சுருக்குவதைப் பொறுத்தவரை, ஆய்வேட்டை வெட்டிக்கொண்டிருக்காதீர்கள். அதை மூடி வைத்துவிட்டு, உங்களிடம் உள்ளவற்றில் வலுவான இரண்டு அட்டவணைகளை மட்டும் மேசையில் வைத்துப் புதிதாக எழுதத் தொடங்குங்கள். முன் ஆய்வுகளைப் பற்றிய முப்பது பக்கம் மூன்றாகிவிடும். நூறு பேரை வைத்துக்கொண்டு தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இதழின் மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்ததும் சிரிப்பார்கள். படிக்க வேண்டிய பழைய ஆய்விதழ்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகம் உங்களுக்குப் பக்கம்தான்.

எங்கே அனுப்புவது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் வெளியிடும் காலாண்டிதழான ‘ஜர்னல் ஆஃப் ரூரல் டெவலப்மென்ட்’டைத்தான் முதலில் சொல்வேன். இத்தகைய களத்தகவல் பயன்படக்கூடிய வாசகர்கள் அதற்கு உண்டு. உங்கள் ஊரிலேயே ‘சிங்கப்பூர் ஜர்னல் ஆஃப் டிராப்பிக்கல் ஜியாகிரஃபி’ இருக்கிறது. 1953இல் மலாயாவின் பெயரில் தொடங்கிய இதழ் அது. ஆனால் கோட்பாட்டு விவாதம் வலுவாக இல்லாவிட்டால் அங்கே தேறுவது கடினம். எதுவானாலும் அண்மை இதழ்கள் இரண்டை முழுதாகப் படித்துவிட்டு, சொல் வரம்பு, மேற்கோள் முறை எல்லாவற்றையும் அவர்களுடைய இப்போதைய விதிப்படி அமையுங்கள். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

மதிப்பீட்டாளருக்குப் போகும் கோப்பில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது; ‘நான் பாடம் நடத்தும் இடத்தில்’ போன்ற அடையாளம் காட்டும் வரிகளும், கணினிக் கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் பெயரும்கூட. ஆய்வேடு இணையத்தில் இருந்தால் நகல் சோதனையில் அது மாட்டும். ஆகவே, இன்ன ஆய்வேட்டிலிருந்து எழுதியது என்று ஆசிரியருக்கு எழுதும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஊழியர்களின் ஒப்புதல் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொன்னவர்களில் உங்களிடம் படிப்பவர்களும் இருந்தார்களா? டீச்சர் கேட்கிறாரே என்று மறுக்க முடியாமல் சொல்லியிருக்கலாம். அப்படியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்; முடிந்தால் அவர்களுடைய பதில்களைத் தனியாகப் பிரித்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். கிராமத்தின் பெயர், விடுதி, நிறுவனம் மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கடனைப் பற்றிப் பேசிய ஒருவருக்கு அதனால் வேலையே போகக்கூடும். மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘கிராமத்துக்கு ஏன் போகவில்லை?’ என்று ஒரு மதிப்பீட்டாளர் கேட்பது ஏறக்குறைய உறுதி. வாதாட வேண்டாம். கட்டுரையின் எல்லையை எந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள் என்று காட்டி, தேவைப்பட்டால் அந்தப் பத்தியை இன்னும் தெளிவாக்கி அனுப்புங்கள். அடுத்த விடுமுறையில் புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சில வீடுகளில் விசாரித்து வர முடிந்தால் நல்லதுதான். அந்தத் தகவலை அவசரமாக இதில் நுழைக்காமல் அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.