கோடு இரட்டையாக விழுகிறதா? பிரிண்டரைக் கவனியுங்கள்!

சிதம்பரத்தில் வீடு கட்ட இருக்கும் என் சித்தப்பா, கடலூரில் ஒரு கடையில் பிளாட்டர் மூலம் பிளான் பிரிண்ட் எடுத்தார். மறுநாள் சென்னைக்குப் போன் வந்தது. "சுவர்க்கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது தம்பி. எந்தக் கோட்டை வச்சு அளக்கிறதுன்னு மேஸ்திரி கேக்குறாரு."

பிளான் 1:100 அளவில் வரையப்பட்டது. அதில் ஒன்பது அங்குலச் சுவர் தாளில் 2.3 மி.மீ. மட்டுமே இருக்கும். கோடு அரை மி.மீ. விலகினால் தரையில் 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலம்!

பிளாட்டர் என்றதும் மிரள வேண்டாம். இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் நம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் பெரிய அண்ணன்தான். ஹெட் இடமும் வலமுமாக ஓடி மையைத் தெளிக்கும். தாள் சிறிது சிறிதாக முன்னே நகரும். எனவே கீழே சொல்பவை உங்கள் பிரிண்டருக்கும் பொருந்தும்.

முதலில் நாசில் செக் பிரிண்ட் எடுங்கள். அதில் கோடுகள் விட்டு விட்டு வந்தால் நாசிலில் அடைப்பு. ஹெட் கிளீனிங் இரண்டு முறை கொடுங்கள். சிலர் பத்து முறை கொடுப்பார்கள், மைதான் வீணாகும். சரியாகவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிட்டு மீண்டும் பாருங்கள்.

சித்தப்பாவை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். விடுபட்ட கோடு எதுவும் இல்லை. குறுக்குக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. தாள் நகரும் திசையில் உள்ள கோடுகள் மட்டுமே இரட்டை. காரணம் புரிந்துவிட்டது. ஹெட் போகும்போதும் அச்சிடுகிறது, திரும்பும்போதும் அச்சிடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழவில்லை. இதற்கு மருந்து ஹெட் அலைன்மென்ட். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் பிரிண்டிங் பிரிபரன்சஸ் சென்று, மெயின்டனன்ஸ் டேபில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பிளாட்டரில் முன்பக்க பேனலிலேயே இருக்கும். சந்தேகமா? ஹை ஸ்பீட் அல்லது பைடைரக்‌ஷனல் என்ற இடத்தில் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். கோடு ஒன்றாகிவிட்டால் அலைன்மென்ட்தான் கோளாறு.

குறுக்கே சம இடைவெளியில் வெள்ளைக் கீற்றுகள் வந்தால் தாள் நகரும் அளவு தவறு. பேப்பர் டைப் சரியா என்று பார்த்துவிட்டு, பேப்பர் அட்வான்ஸ் காலிபரேஷன் செய்யுங்கள். கடலோர ஊர்களில் ரோலைத் திறந்து போடாதீர்கள். ஈரம் ஏறினால் தாள் உப்பிவிடும்.

அலைன்மென்ட் செய்தும் கோடு நேராகவில்லையா? ஹெட் ஓடும் பாதையில் எங்கே இருக்கிறோம் என்று ஹெட்டுக்குச் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில், அதாவது என்கோடர் ஸ்ட்ரிப்பில், மை படிந்திருக்கலாம். அதைச் சர்வீஸ் ஆளிடம் விடுவது நல்லது. தின்னர் போட்டுத் துடைத்தால் பட்டையே போய்விடும்!

இன்னொன்று. பிடிஎஃப் பைலை அச்சிடும்போது ஃபிட் என்பதற்குப் பதில் ஆக்சுவல் சைஸ் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கோடு அழகாக இருந்தாலும் அளவு மாறிவிடும்.

கடைக்காரர் முந்தின நாள்தான் ஹெட் மாற்றினாராம். அலைன்மென்ட் செய்ய மறந்துவிட்டார். செய்து, வேறு தாளில் எடுத்துக் கொடுத்தார். பிளானின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். சித்தப்பா அதை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே மேஸ்திரியிடம் கொடுத்தார்.