அசைவே மருந்து

நுழையும்முன்

வலி வந்தால் ஓய்வு கொள்ள வேண்டும் என்பது வழிவழியாகக் கூறப்படும் அறிவுரை. ஆனால், மாதக்கணக்கில் நீடிக்கும் கழுத்துவலிக்கு ஓய்வு மட்டும் தீர்வாவதில்லை. அங்கே அசைவே மருந்தாகிறது. அவ்வலியால் வருந்துவோர்க்கு உடற்பயிற்சி எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தலையைத் தாங்கும் தூண்

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதனைத் தாங்கவும் திருப்பவும் ஏழு முள்ளெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் இணைந்து பணியாற்றுகின்றன. தலை நிமிர்ந்திருக்கும்போது அதன் எடை முதுகெலும்பின் மீது நேராக இறங்குகிறது. தலை முன்னோக்கிச் சாயும்போது, அதனை இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பின்கழுத்துத் தசைகளைச் சேர்கிறது. நீர்க்குடத்தை இடுப்பில் அணைத்துச் சுமப்பது எளிது. அதனையே கையை நீட்டிப் பிடித்தால் விரைவில் கை சோர்ந்துவிடும். தையல் எந்திரத்தின் முன்னும் கணினியின் முன்னும் நெடுநேரம் அமர்வோரின் கழுத்துத் தசைகள் இவ்வாறே களைப்படைகின்றன. கைப்பேசியை மணிக்கணக்கில் குனிந்து பார்க்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

வலியின் சுழல்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். வலிக்கு அஞ்சி ஒருவர் கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறார். அசைவு குறையத் தசைகள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த தசைகள் சிறு வேலைக்கே சோர்ந்து வலிக்கின்றன. அவ்வலி அச்சத்தை மேலும் வளர்க்கிறது. வலிநிவாரணி மாத்திரை சிறிது நேரம் ஆறுதல் தரலாம். ஆயினும், தசைக்கு வலுவூட்டுவதில்லை. இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் நோக்கமாகும்.

பின்லாந்து தந்த சான்று

பின்லாந்து நாட்டில், நாட்பட்ட கழுத்துவலியால் வருந்திய 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் ஓராய்வு நிகழ்த்தப்பட்டது. அதன் முடிவு 2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. பங்கேற்றோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர் மீள்பட்டையின் இழுவிசைக்கு எதிராகக் கழுத்துத் தசைகளை வலுப்படுத்தினர். இரண்டாம் குழுவினர் படுத்த நிலையில் தலையைப் பலமுறை உயர்த்தித் தாங்குதிறனை வளர்த்தனர். மூன்றாம் குழுவினர்க்குத் தசைநீட்சிப் பயிற்சியும் நடை போன்ற பொதுவான உடற்பயிற்சியும் அறிவுறுத்தப்பட்டன.

ஓராண்டு கடந்தது. வலி பெருமளவு நீங்கியதாகவோ முழுமையாக நீங்கியதாகவோ கூறியோர் முதற்குழுவில் நூற்றுக்கு 73 பேர். இரண்டாம் குழுவில் 59 பேர். மூன்றாம் குழுவில் 21 பேர் மட்டுமே. தசையை நீட்டுவது மட்டும் போதாது, அதனை வலுப்படுத்தவும் வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. இப்பயன் ஒரு வாரத்தில் கிட்டியதன்று. ஓராண்டு முழுவதும் தொடர்ந்த முயற்சியின் விளைவு என்பதும் கருதத்தக்கது.

பயிற்சி முறைகள்

இயன்முறை மருத்துவர் ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்து, அவர்க்கேற்ற பயிற்சியை வகுத்தளிப்பார். மோவாயை மெல்லப் பின்னோக்கி இழுத்துச் சில நொடிகள் நிறுத்துதல், நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாதவாறு இரண்டையும் எதிரெதிராக அழுத்துதல், இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்புறம் நெருங்கச் செய்தல் ஆகியன எளிய பயிற்சிகள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். தொடக்கத்தில் தோன்றும் சிறு வலி கண்டு பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. வலி மிகுந்தால் அளவைக் குறைத்து மருத்துவரிடம் கலந்துபேச வேண்டும்.

கை மரத்துப்போதல், கைகால் வலுவிழத்தல், காய்ச்சலுடன் கூடிய வலி, விபத்துக்குப்பின் தோன்றும் வலி ஆகியவற்றுக்குப் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரை நாடுவது இன்றியமையாதது.

மருத்துவர் வழிகாட்டலாம், மாத்திரையைப் பிறர் வாங்கித் தரலாம். பயிற்சியை மட்டும் நமக்காகப் பிறர் செய்ய இயலாது. நாள்தோறும் அதற்கென ஒதுக்கும் சில நிமிடங்களே நிமிர்ந்த தலைக்கு நாம் இடும் அடித்தளம்.

தெரிந்து தெளிவோம்

மனிதரின் கழுத்தில் உள்ளவை ஏழு முள்ளெலும்புகள். நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே! எண்ணிக்கை ஒன்றே; எலும்பின் நீளமே வேறு.

கற்பவை கற்றபின்

1. ஒரு நாளில் நீங்கள் தலைகுனிந்து செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டு, அட்டவணைப்படுத்துக.
2. குனிந்தவாறு நெடுநேரம் பணிபுரியும் ஒருவரை நேர்கண்டு, அவர்தம் உடல்நலம் குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘ஓய்வா? பயிற்சியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.