மூக்குக்குத் தெரியாதது

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் புளோக் சமையல் வகுப்புக்கு நீ எழுதிய எட்டுப் பக்கக் கையேட்டை என் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். கை கழுவுவது, பச்சை மீனுக்கு ஒரு பலகை வெந்ததற்கு ஒரு பலகை, இதையெல்லாம் நாம் பேசவே வேண்டாம். ஐந்தாம் பக்கத்தில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. மிச்சக் குழம்பை முகர்ந்து பாருங்கள், ஊசியிருந்தால் கொட்டிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஊசாமல் இருந்தால்?

ஊசிப்போச்சு, புளிச்சுப்போச்சு, நூல் விடுது, பூசணம் பூத்துப்போச்சு என்று கெட்டதற்கு நம்மிடம் எத்தனை சொல்! எல்லாம் மூக்குக்கோ கண்ணுக்கோ கைக்கோ பிடிபடுகிறவை. மணக்க மணக்க இருந்துகொண்டே ஆளைக் கவிழ்க்கிற சோற்றுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. நாற்றத்தைக் கொடுக்கிற கிருமி வேறு, நம்மைப் படுக்கவைக்கிற கிருமி பெரும்பாலும் வேறு.

2009 ஏப்ரலில் நீ தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பாய். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கடலுணவில் இருக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற கிருமி. பச்சைக் கடலுணவிலிருந்து அது தயாரான ரோஜாக்கில் ஒட்டியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டா சாப்பிட்டிருப்பார்கள்?

ஆறாம் பக்கத்தில் இன்னொன்று: தளதளவென்று கொதிக்கவிட்டால் போதுமாம். சோற்றுக்கு இது செல்லாது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியோடு வருகின்றன, உலைக்கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு நம் 30 டிகிரிப் புழுக்கத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சுடவைத்தாலும் அப்படியே இருக்கும்.

என் பைத்தியம் உனக்குத் தெரியும்: தாம்பாளம். தாமான் ஜூரோங்கில் எங்கள் ஒரே அறை வீட்டில் ஒரு தீபாவளி. அப்பா கப்பல் பட்டறையில் வேலை, கூட வேலை செய்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அம்மா முதல் நாள் இரவே அண்டா நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, தட்டால் மூடி, அடுப்பிலேயே விட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் நான் திருட்டுத்தனமாகக் கையை விட்டு ஒரு கறித்துண்டு எடுத்தேன். மேலே ஆறிப்போயிருந்தது, அடியில் விரலுக்கு இன்னும் வெதுவெதுப்பு. மத்தியானம் லேசாகச் சூடு காட்டிப் பரிமாறினாள். வாசனை படிக்கட்டு வரைக்கும் போனது. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் இருந்த ஒரே கழிப்பறைக்கு முன்னால் ஏழு பேர். கண்ணுபட்டுப்போச்சு என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள், அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் பேரைப் பல வருஷம் கழித்து, உணவுச் சுகாதார வகுப்பில்தான் கேட்டேன். காற்றுப் புகாத, வெதுவெதுப்பான அண்டா அடிதான் அதற்குத் தாய்வீடு. ஆசிரியர் சொல்லச்சொல்ல என் விரல் நுனியில் அந்தச் சூடு. அன்றைக்கே தேக்காவில் நாலு அகலத் தாம்பாளம் வாங்கினேன். குழம்போ சோறோ, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பிவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விடும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் அதை உட்காரவைக்காதே, அவ்வளவுதான் சங்கதி. கேட்டரிங்கில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் பையன்கள் என்னைத் தாம்பாளத்தம்மா என்றுதான் கேலி செய்தார்கள்.

கைப்பிடித் துணியைப் பற்றி நீ எழுதியிருக்கும் பத்தி இருக்கிறதே, அதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது. பச்சைக் கோழி வைத்த மேடையைத் துடைத்த அதே துணியால் குழந்தையின் வாயையும் துடைக்கிற அந்த ஒரு வரி! மூன்று தரம் படித்துவிட்டு எழுந்துபோய் என் வீட்டுத் துணியைக் குப்பையில் போட்டேன்.

ஐந்தாம் பக்கத்தைத் திருத்தி அனுப்பு. மூக்கு என்ற சொல்லே அதில் இருக்கக் கூடாது. எத்தனை மணிக்குச் சமைத்தது என்று கேள்.

அன்புடன்,
அக்கா