போகாத ஃபில்டர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் எதிரி சுவர்தான். முகப்பில் வைத்த வைஃபை வளவைத் தாண்டாது. இரண்டாங்கட்டுக்குத் தனியாகக் கேபிள் இழுக்க வேண்டும். நாச்சியாபுரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் கேபிளும் ஆளும் இருந்தால் அது ஒரே நாளில் முடிகிற வேலை. இழுத்தடித்தது, முகப்பை ஒட்டிய அறையில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர். ஃபைபர் இணைப்பு அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறது.

வீட்டில் ஒரு பகுதி தங்கும் விருந்தினருக்கு, ஒரு பகுதி சின்ன அலுவலகத்துக்கு. இடையிடையே கல்யாணம், சாந்தி. விசேஷ நாளில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் நேரலையில் பார்ப்பார்கள். விருந்தினர் ஒருவர் போனில் உள்ள வீடியோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால், சரியாகத் திருப்பூட்டும் நேரத்தில் படம் நின்றுவிடும். அப்லோடில் ஒரு பங்கை நேரலைக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் லினக்ஸில் ‘டிசி’ என்ற கருவி இருக்கிறது. அலெக்சி குஸ்நெட்சோவ் எழுதியது, 1999-இல் வந்த 2.2 கெர்னல் காலத்துச் சரக்கு. கியூடிஸ்க் என்பது வரிசை, கிளாஸ் என்பது அந்த வரிசைக்குள் பங்கு, ஃபில்டர் என்பது எந்தப் பாக்கெட் எந்தப் பங்குக்கு என்று பிரித்துவிடும் விதி.

முன்பு இணைப்பு அமைத்துக் கொடுத்தவர்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள். பிபிபிஓஇ இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் டிசி விதிகள் எல்லாம் போய்விடும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் அதை ஓட்டும். 1935-ஆம் போர்ட்டுக்குப் போகும் நேரலைப் பாக்கெட்டை முதல் கிளாஸுக்கு அனுப்பும் ஒரு ஃபில்டர், அதுவும் ‘ஆட்’ இல்லை, ‘ரீப்ளேஸ்’. இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும், எத்தனை முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை என்று யாரும் நினைப்பார்கள்.

“பெட்டிய அணைச்சுப் போட்டா சரியாப் போகுது தம்பி, ரெண்டு நாள்ல திரும்ப மந்தமாயிடுது” என்றார் அந்த வீட்டு ஆச்சி. இந்தத் தொல்லை யூபிஎஸ் வாங்கி வைத்த பிறகுதான் தொடங்கியது என்பதையும் அவரே சொன்னார். துப்பு அங்கேதான் இருந்தது. கரன்ட் போய் வந்த காலத்தில் அடிக்கடி எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் வந்ததும் இணைப்பு நாள்கணக்கில் அறாமல் நின்றது.

ஃபில்டர் பட்டியலை எடுத்தேன், திரை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே விதி, வரிக்கு வரி. மாறியது முன்னுரிமை எண் மட்டும்: 49152, 49151, 49150 என்று இறங்குமுகமாக. விஷயம் இதுதான்: முன்னுரிமை எண் தராமல் ‘ரீப்ளேஸ்’ சொன்னால், எதை மாற்றச் சொல்கிறோம் என்று கெர்னலுக்குத் தெரியாது. அது 49152-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒன்று குறைத்துப் புதிய எண் போட்டுப் புதிய ஃபில்டரையே சேர்க்கிறது. பிழைச் செய்தி கிடையாது. மணிக்கு 12, நாளுக்கு 288. நாலு நாள் இணைப்பு நின்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. புதிதாகச் சேர்ந்த ஃபில்டர்தான் முன்னால் நிற்கும், நேரலைப் பாக்கெட் முதல் வரியிலேயே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். மற்ற பாக்கெட் ஒவ்வொன்றும் கடைசி வரி வரை நடக்க வேண்டும். அலுவலகத்தின் மெயில், விருந்தினரின் வீடியோ கால் எல்லாம் அந்த வரிசையில்தான் மாட்டியிருந்தன. ஒரு வரியை அழித்தாலும் பயனில்லை, பின்னால் நிற்கும் பழையது அதே வேலையைத் தொடரும். கிளாஸையே நீக்கப் போனால் ‘பிஸி’ என்று கெர்னல் மறுக்கும், ஏதோ ஒரு பழைய ஃபில்டர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சரி, முன்னுரிமை எண் கொடுத்தால் தீருமா? பாதிதான். யூ32 வகை ஃபில்டரில் முன்னுரிமை 1 என்று மட்டும் சொல்லி ஹேண்டில் (அந்த விதியின் அடையாள எண்) தராமல் விட்டால், 800::800-க்குப் பின்னால் 800::801, 800::802 என்று சேரும். இங்கே விளைவு தலைகீழ், பழையதே முன்னால் நிற்கும். நீங்கள் செய்த மாற்றம் பட்டியலில் தெரியும், பாக்கெட்டில் தெரியாது.

ஹேண்டிலையும் கொடுத்தபோது காத்திருந்தது மூன்றாவது பள்ளம். அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நேரலைக்காரர்களின் புதிய மென்பொருள் 443 வழியாகப் போகும் என்றார்கள். 800::800 என்று சரியாகச் சுட்டி, பொருத்தத்தை 443-க்கு மாற்றச் சொன்னேன். பிழை இல்லை. பட்டியலில் பார்த்தால் பழைய 0000078எஃப் அப்படியே நிற்கிறது. பதினாறடிமானத்தில் 1935. யூ32-இல் ஏற்கெனவே உள்ள ஒரு விதியை மாற்றும்போது கெர்னல் போகவேண்டிய கிளாஸையும் ஆக்‌ஷனையும்தான் புதுப்பிக்கிறது, எதைப் பொருத்துவது என்பதைப் பழைய விதியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கேட்டதைச் செய்யாமல் ‘சரி’ என்று தலையாட்டும் கட்டளை எனக்குப் பிடிப்பதில்லை. மறுத்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

ஆகவே யூ32-இல் பொருத்தம் மாற வேண்டுமென்றால் நான் ‘ரீப்ளேஸ்’ பக்கமே போவதில்லை. புதிய விதியை வேறொரு முன்னுரிமை எண்ணில் சேர்க்கிறேன், பிறகு பழைய எண்ணை மொத்தமாக அழிக்கிறேன். இடைவெளி விழாது. ஒரு முன்னுரிமை எண்ணில் ஒரே ப்ரோட்டோகால், ஒரே வகை ஃபில்டர்தான் இருக்க முடியும் என்பதால் ஐபிவி6-க்குத் தனி எண் ஒதுக்குங்கள். ஏற்கெனவே இருப்பதைத்தான் தொடுகிறோம் என்றால் ‘சேஞ்ச்’ நல்லது, அப்படி ஒன்று இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். 2015-இல் 4.2 கெர்னலோடு வந்த ஃபிளவர் வகையில் இந்தக் குறை இல்லை: முன்னுரிமையும் ஹேண்டிலும் கொடுத்தால் பொருத்தமும் சேர்ந்தே மாறும். எதைச் செய்தாலும், எண்ணிக்கையோடு பட்டியலைப் போட்டு, நீங்கள் சேர்த்த வரியில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நாச்சியாபுரத்தில் இதுவும் போதவில்லை. 443 என்றால் ஊர் உலகமே அந்தப் போர்ட்டில்தான். கேமரா லேப்டாப்பின் உள்முகவரியைப் பொருத்தலாம் என்றால், பாக்கெட் வெளிவாசலுக்கு வரும்போது நாட் அந்த முகவரியை மாற்றியிருக்கும். எனவே அடையாளம் போடும் வேலையை என்எஃப்டேபிள்ஸுக்குக் கொடுத்தேன். எம்ஏசி முகவரிகளின் ஒரு செட், அதில் உள்ள கருவியிலிருந்து பாக்கெட் வந்தால் 10 என்று மார்க். டிசி பக்கம் ஒரே ஒரு எஃப்டபிள்யூ ஃபில்டர்: மார்க் 10 என்றால் முதல் கிளாஸ். முன்னுரிமையும் ஹேண்டிலும் எழுதியே வைத்திருக்கிறேன், கிரான் எத்தனை முறை ஓடினாலும் வரி ஒன்றுதான். கேமராக்காரர் லேப்டாப்பை மாற்றினால் செட்டில் ஒரு முகவரியைச் சேர்ப்பதோடு சரி. என்எஃப்டேபிள்ஸ் ஒரு கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றும், பாதி பழசு பாதி புதுசு என்ற நிலை வராது.

நேரலை, தனிப் பங்கு என்ற தேவையே இல்லாத வீடுகளுக்கு இவ்வளவும் வேண்டாம். 2018-இல் 4.19 கெர்னலில் சேர்ந்த ‘கேக்’ என்ற கியூடிஸ்க் போதும். ‘நாட்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் உள்முகவரியைத் தானே தேடிக்கொள்ளும், ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். ஃபில்டர் ஒன்றுகூட எழுத வேண்டியதில்லை.