கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள்

கேள்வி: எங்கள் அலுவலக ஆண்டு விழாவைச் சிதம்பரத்தில் நடத்துகிறோம். பேச்சு, விருது என்று போனால் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். நகைச்சுவை நிகழ்ச்சி வைக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக வையுங்கள். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் ராஜா நிற்பார். கட்டியங்காரன், "யாரய்யா நீர்?" என்று அவரையே மடக்குவான். புராணக் கதைக்கு நடுவே உள்ளூர் ரோட்டையும் ரேஷன் கடையையும் இழுப்பான். விடிய விடிய ஜனம் உட்கார்ந்திருப்பதில் அவனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் சங்கதி தெரிந்தவன் என்பதுதான் அவன் பலம்.

அதனால் மேடையேறப் போகிறவரிடம் ஒரு வாரம் முன்பே உங்கள் அலுவலகக் கதைகளைச் சொல்லிவிடுங்கள்: ரேகை வைத்தால் ஏற்காத வருகைப் பதிவு மெஷின், நாலு மணி டீ, கடலூர் பஸ்ஸைக் காரணம் காட்டித் தாமதமாக வருகிறவர். முதல் கிண்டல் மேலதிகாரி மீதே இருக்கட்டும், அவரிடம் கேட்டுக்கொண்டு. நிறம், உடம்பு, சாதி, மனைவி ஜோக் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு விழாவில் பலகுரல் கலைஞர் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார், பந்தியிலிருந்து வந்த ஒரே குரல், "இங்கே ரசம்!" நானும் ரசத்துக்குத்தான் கை நீட்டினேன். விருதுகளுக்கு முன்னால் இருபது நிமிடம் கொடுங்கள், போதும்.