சித்திரமும் சினமும்

ஒரு கலைப்படைப்பு மக்களிடையே பூசலை எழுப்புவது ஏன்? வரைந்தவரின் நோக்கம் ஒன்றே அதற்குக் காரணமாகுமா? நம் நெஞ்சை நேரே தொட்ட ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1949-இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் ஒரு படம் வரைந்தார். அரசியல் சட்டம் என்னும் நத்தையின்மீது பாபாசாகேப் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார்; பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கி நிற்கிறார்; கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. சட்டம் இயற்றுவதில் தாமதம் என்பதே அதன் கருத்து. 2006-இல் இப்படம் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதத்தில் பாராளுமன்றம் கொந்தளித்தது. இதனைக் கண்டித்து எழுந்தவர்களுள் தொல். திருமாவளவனும் ஒருவர். மத்திய அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கோரி, படம் நீக்கப்படும் என அறிவித்தார். பாடநூலின் ஆலோசகர் இருவர் பதவி விலகினர்.

வெளிவந்து பல்லாண்டுகள் கழித்து ஒரு படம் இத்துணைச் சினத்தை மூட்டியதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, இடம். பத்திரிகைப் படத்தை அன்றைய அரசியல் அறிந்த பெரியோர் பார்த்துவிட்டு மறப்பர். பாடநூலிலோ அதே படம் அரசின் முத்திரையோடு ஆண்டுதோறும் புதிய மாணவர் முன் நிற்கிறது.

இரண்டாவது, காண்போரின் நினைவு. இருவர் சாட்டையும் நத்தையின் மேலேயே என்றனர் படத்தை ஆதரித்தோர். ஆனால் பண்ணையில் சாட்டையடி பட்ட முன்னோரின் வழிவந்தோர் கண்ணுக்கு ஓங்கிய சாட்டை வெறும் அவசரத்தின் குறியாகத் தோன்றுமா? வகுப்பில் மற்றவர் நகைக்கையில் தலைகுனியும் நம் குழந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, படம் சொல்லாத செய்தி. சட்ட வரைவுக் குழு 141 நாட்கள் கூடியது. 7,635 திருத்தங்கள் வந்தன. அவற்றுள் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. நத்தையின் உருவில் இவ்வுழைப்புக்கு இடமில்லை. தாமதத்தின் காரணத்தைப் பாடம் விளக்கியது என்றாலும், கண் முதலிற் காண்பது படத்தையே.

ஆகவே அச்சினத்திற்கு நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஊறு சார்ந்து நுகர்ச்சி, நுகர்ச்சி சார்ந்து வேட்கை, வேட்கை சார்ந்து பற்று என்பது நாம் கற்ற பாடம். புண்பட்ட நுகர்ச்சி வெறுப்பாகி, வெறுப்பு செயலாகுமுன் அதனை அறிந்து நிறுத்துவதற்கு இடமுண்டு. அன்று பதவி விலகிய ஆலோசகருள் ஒருவரது புனே அலுவலகத்தைச் சிலர் தாக்கி உடைத்தனர். பயன் யாது? நம் குழந்தையின் மானம் பற்றிய கேள்வி பின்தள்ளப்பட்டு, உடைந்த நாற்காலிகளே பேச்சாயின.

தாமதம் என்ற பழிக்குப் பாபாசாகேப் விடையளித்த முறையே நமக்கு வழிகாட்டி. 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில், மேற்கண்ட கணக்குகளையே அவர் எடுத்துரைத்தார். பிற நாடுகள் சட்டம் இயற்ற எடுத்துக்கொண்ட காலத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். கையை ஓங்காது கணக்கை எடுத்து வைத்தார். நம் இல்லங்களிலும் படிப்பு வட்டங்களிலும் இக்கணக்குகளைச் சிறுவர்க்குச் சொல்லி வைப்போமாக. அதை அறிந்த குழந்தை, எவர் நகைப்பினும் தலைகுனியாது.